ஆண்ட்ரூ ரிட்ஜ்லிக்கு 'வாம்' குழுவில் என்ன வேலை?

"வாம் குழுவில் பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர், தயாரித்தவர் எல்லாம் ஜார்ஜ் மைக்கேல்தான். பக்கத்தில் கிதாரை மாட்டிக்கொண்டு சிரித்தபடி நின்ற ஆண்ட்ரூ ரிட்ஜ்லிக்கு அங்கே என்ன வேலை? அவர் இல்லாமலே ஜார்ஜ் இந்த உயரத்துக்கு வந்திருக்க மாட்டாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாம், எண்பதுகளில் பிரிட்டனைக் கலக்கிய இரண்டு பேர் பாப் குழு. நாற்பது ஆண்டுகளாக ஆண்ட்ரூவை விடாமல் துரத்தும் கேள்வி இது. அவர்கள் புகழின் உச்சியில் இருந்தபோதே லண்டன் பத்திரிகைகள் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டன.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரல் ஜார்ஜுடையது. பாட்டுக் கட்டும் மேதமை ஜார்ஜுடையது. இதில் யாருக்கும் மறுப்பு இல்லை, ஆண்ட்ரூவுக்கே இல்லை. ஆனால் வாமின் அந்தத் துணிச்சலும் துள்ளலும், "எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்" என்ற அந்த முகமும் முழுக்க ஆண்ட்ரூவுடையவை. தன்னைப் பிடிக்காத ஒரு பையன், தன் சிநேகிதனைப் போல ஆக ஆசைப்பட்டான். அந்த ஆசைதான் பாட்டாகி வெளியே வந்தது. அதனால்தான் வாமின் கதையை நான் இரண்டு பேரின் சிநேகிதத்தின் கதையாகவே பார்க்கிறேன். அதை விட்டுவிட்டு வெறும் தரவரிசைக் கணக்காகச் சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது.

1975. லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் புஷி மீட்ஸ் என்ற பள்ளி. வகுப்புக்குப் புதிதாக ஒரு பையன் வருகிறான். பன்னிரண்டு வயது. குண்டு உடம்பு, பெரிய கண்ணாடி, அடங்காத சுருட்டை முடி. பெயர் யோர்கோஸ் கிரியாகோஸ் பனயோட்டு, பின்னாளில் ஜார்ஜ் மைக்கேல். அப்பா சைப்ரஸிலிருந்து வந்து உணவகம் நடத்தி முன்னுக்கு வந்த கிரேக்கர், அம்மா ஆங்கிலேயர். "இந்தப் பையனை யார் கூட வைத்துப் பார்த்துக்கொள்வீர்கள்?" என்று ஆசிரியர் கேட்கிறார். கை தூக்கியவன் ஆண்ட்ரூ. அவனுடைய அப்பாவும் எகிப்திலிருந்து வந்தவர். நல்ல தோற்றம், நன்றாக உடுத்தத் தெரியும், எவரோடும் கூச்சமில்லாமல் பேசுவான். யோர்கோஸ் என்ற பெயர் வாயில் நுழையாமல் 'யோக்' என்று சுருக்கிக் கூப்பிட ஆரம்பித்தான். கடைசிவரை ஆண்ட்ரூவுக்கு அவர் யோக்தான்.

இருவரையும் சேர்த்தது இசைப்பித்து. குவீன், எல்டன் ஜான், பிறகு டிஸ்கோ, ஜமைக்காவில் பிறந்த ஸ்கா என்ற துள்ளல் இசை. யோக்குக்குள் பாட்டு இருந்தது, ஆனால் அதை வெளியே கொண்டுவரும் தைரியம் இல்லை. மகன் பாடிப் பிழைப்பான் என்று அப்பாவும் நம்பவில்லை. பரீட்சை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவனை 1979இல் "குழுவை இன்றைக்கே ஆரம்பிக்கிறோம்" என்று இழுத்து நிறுத்தியவன் ஆண்ட்ரூ. அப்படிப் பிறந்த 'எக்ஸிகியூட்டிவ்' என்ற ஸ்கா குழு சீக்கிரமே கலைந்துபோனது. மிஞ்சியவர்கள் இந்த இருவரும், அவர்கள் கையில் இருந்த சில மெட்டுகளும்தான்.

'வாம்' என்ற பெயரே ஆண்ட்ரூ தந்ததுதான். லண்டனின் சோஹோ பகுதியில் 'லே பீட் ரூட்' என்று ஒரு கிளப். அங்கே இருவரும் ஆடிக்கொண்டிருந்தபோது அவர் விளையாட்டாக வாய்க்கு வந்ததைத் தாளத்தோடு சொல்ல, அதிலிருந்து பிறந்தது பெயரும் 'வாம் ராப்' என்ற முதல் பாட்டும். அந்தப் பாட்டின் பின்புலத்தையும் பார்க்க வேண்டும். 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆண்ட்ரூவும் அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்த ஆள்தான். வேலை இல்லை என்றால் வாழ்க்கையே இல்லையா, எனக்கு என் இளமை இருக்கிறது என்று நிமிர்ந்து சொல்லும் பாட்டு அது. வாம் என்றாலே கடற்கரை, குட்டைக் கால்சட்டை, பளபளப்பு என்று நினைப்பவர்கள் அவர்களுடைய முதல் பாட்டே உதவித்தொகை வரிசையில் நின்ற ஒருவனின் பாட்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆண்ட்ரூவின் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில், வாடகைக்கு எடுத்த நான்கு டிராக் டேப் கருவியில் மாதிரிப் பதிவு நடந்தது. மைக்குக்கு ஸ்டாண்ட் இல்லை, துடைப்பக் கட்டையில் கட்டினார்கள். அந்தச் சின்ன டேப்பில் 'வாம் ராப்', 'கிளப் டிராபிகானா', 'கேர்லெஸ் விஸ்பர்' மூன்றும் துண்டு துண்டாக இருந்தன. பின்னாளில் கோடிக்கணக்கில் விற்கப்போகும் பாட்டுகள் அவை. 1982 மார்ச்சில் 'இன்னர்விஷன்' என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. ஆளுக்கு 500 பவுண்டு முன்பணம். பத்தொன்பது, பதினெட்டு வயதுப் பையன்கள், கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்த ஒப்பந்தம் எவ்வளவு மோசமானது என்பது பாட்டுகள் ஓடத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு, எடுபடவில்லை. இரண்டாவதான 'யங் கன்ஸ்' பிரிட்டிஷ் தரவரிசையில் முதல் 40க்கு வெளியே 42ஆம் இடத்தில் வந்து தேங்கி நின்றது. அந்த நேரத்தில் பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் ஓர் இடம் காலியாகி இவர்களுக்கு அழைப்பு வந்தது. 1982 நவம்பர் தொடக்கம். சட்டை போடாமல் தோல் வெஸ்ட்டும் மடித்துவிட்ட ஜீன்ஸுமாக ஜார்ஜ், பக்கத்தில் ஆண்ட்ரூ, கூடவே பின்னணிப் பாடகிகள் ஷர்லி ஹாலிமனும் டீ சி. லீயும். கல்யாணத்தில் மாட்டிக்கொள்ளப் போகிற நண்பனை இன்னொருவன் எச்சரிக்கும் கதையை நால்வரும் ஆடியே நடித்துக் காட்டினார்கள். அந்த வாரம் அந்த நிகழ்ச்சியைப் பார்த்த தலைமுறைக்கு இன்றும் அது நினைவிருக்கிறது. பாட்டு 3ஆம் இடம் வரை ஏறியது. 1983இல் 'வாம் ராப்' மறுபடி வெளியாகி 8ஆம் இடம், 'பேட் பாய்ஸ்' 2ஆம் இடம், 'கிளப் டிராபிகானா' 4ஆம் இடம். அந்த ஜூலையில் வந்த 'ஃபன்டாஸ்டிக்' ஆல்பம் நேராக முதலிடம்.

அந்த வீடியோக்களை இப்போது போட்டுப் பாருங்கள். ஜார்ஜின் நடை, தோள் அசைவு, கேமராவைப் பார்க்கும் பார்வை எல்லாம் எங்கிருந்து வந்தன என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தால் தெரியும். ஆண்ட்ரூவுக்கு அது இயல்பு. ஜார்ஜ் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 'ஜார்ஜ் மைக்கேல்' என்ற பெயரைப் பூண்டதும் இந்தக் காலத்தில்தான். பெயரை அவரே தேர்ந்தெடுத்தார். அந்தப் பெயருக்கு உரிய ஆளை ஆண்ட்ரூவைப் பார்த்துச் செதுக்கினார் என்றே நான் சொல்வேன்.

'கிளப் டிராபிகானா' வீடியோ இபிஸா தீவில் படமானது. அங்கேதான் ஒரு நாள் ஜார்ஜ், ஆண்ட்ரூவிடமும் ஷர்லியிடமும் தனக்கு ஆண்கள்மீது நாட்டம் உண்டு என்பதைச் சொன்னார். இருவரும் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்று அவர் யோசித்தபோது, வேண்டாம் என்று தடுத்ததும் அவர்கள்தான். இருபது வயதுப் பிள்ளைகள், அப்பாவின் கோபத்தை நினைத்துப் பயந்தார்கள். உலகத்துக்கு அது தெரியவந்தது 1998இல். பதினைந்து ஆண்டுகள். இவர்களைப் பற்றி எந்தக் கிசுகிசு கிடைத்தாலும் அச்சேற்றக் காத்திருந்த பத்திரிகைகள் சூழ்ந்த ஊரில், அந்த ரகசியம் ஆண்ட்ரூவின் வாயிலிருந்து ஒருமுறைகூட வெளியே வரவில்லை. குடியும் கூத்துமாகத் திரிகிறவர் என்று அதே பத்திரிகைகள் அவரைப் பற்றி வாரம்தோறும் எழுதின. அத்தனை வெளிச்சமும் தன்மேல் விழுந்தபோது அவர் நண்பனை ஒரு சொல்லாலும் காட்டிக்கொடுக்கவில்லை. "ஆண்ட்ரூ என்ன செய்தார்" என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இனி 'கேர்லெஸ் விஸ்பர்'. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான இசை சார்ந்த பதில் இங்கேதான் இருக்கிறது. ஜார்ஜுக்கு அப்போது பதினேழு வயது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அந்த சாக்ஸபோன் வரி மனசுக்குள் ஓடியது. உலகமே முணுமுணுக்கும் அந்த இறங்குமுக வரி. ஆனால் அதைத் தாங்கி நிற்கும் கார்ட் வரிசை (கார்ட் என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) ஆண்ட்ரூ கிதாரில் வாசித்துக் கொண்டுவந்தது. டி மைனரில் தொடங்கி நான்கே கார்ட், அதே நான்கு கார்ட் பாட்டு முழுக்கச் சுற்றிச் சுற்றி வருகிறது. பல்லவிக்கு வேறு, சரணத்துக்கு வேறு என்று மாறுவதில்லை. செய்த தவறிலிருந்து மீள முடியாமல் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து நிற்கும் ஒருவனின் மனநிலைக்கு இதைவிடப் பொருத்தமான அடித்தளம் கிடையாது. அதன்மேல் ஜார்ஜின் குரல் எங்கே வேண்டுமானாலும் போய்வர முடிகிறது. தட்டில் இருவர் பெயரும் சேர்ந்து இருப்பது சும்மா இல்லை.

அதைப் பதிவு செய்த கதையும் பெரிது. 1983இல் ஜார்ஜை அமெரிக்காவுக்கு, அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஸ்டூடியோவுக்கு அனுப்பினார்கள். தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர். அரீத்தா ஃபிராங்க்ளினையும் ரே சார்ல்ஸையும் பதிவு செய்த மனிதர். பதிவு நன்றாகத்தான் இருந்தது. ஜார்ஜுக்கு மட்டும் அதில் தன் பாட்டு கேட்கவில்லை. இருபது வயதில் வெக்ஸ்லரின் பதிவை ஒதுக்கிவிட்டு லண்டனுக்கு வந்து தானே தயாரித்து மறுபடி பதிவு செய்தார். சாக்ஸ் வரிக்குக் கலைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்துபோனார்கள், யார் வாசித்தும் அவர் மனசில் கேட்டது வரவில்லை. கடைசியாக வந்தவர் ஸ்டீவ் கிரெகரி. அவருடைய பழைய டெனர் சாக்ஸில் அந்த வரியின் மேல் ஸ்வரத்துக்குக் கட்டை கிடையாது. பொறியாளர் கிறிஸ் போர்ட்டர் டேப்பின் வேகத்தைக் குறைத்து அரைச் சுருதி கீழே இறக்கிக்கொடுக்க, கிரெகரி வாசித்தார். டேப்பைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்ததும் ஜார்ஜ் தேடிக்கொண்டிருந்த ஒலி கிடைத்துவிட்டது. அந்த சாக்ஸில் இருக்கும் மெல்லிய, கொஞ்சம் இந்த உலகத்துக்கு அப்பாற்பட்ட நிறத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1984 ஆகஸ்டில் அது பிரிட்டனில் முதலிடத்தில் மூன்று வாரம் நின்றது. பிரிட்டனில் ஜார்ஜ் மைக்கேல் பெயரில் மட்டும் வந்தது, அமெரிக்காவில் 'வாம், உடன் ஜார்ஜ் மைக்கேல்' என்று வந்தது. 1985ஆம் ஆண்டு முழுமைக்குமான அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் அதுதான் முதல் பாட்டு. பதின்ம வயதில் இரண்டு பையன்கள் சேர்ந்து கட்டிய பாட்டு.

இதற்கிடையே இன்னர்விஷனோடு வழக்கு. வெளியே வந்து எபிக் நிறுவனத்தில் சேர்ந்தது 1984 மார்ச்சில். மேலாளர்களாக ஜாஸ் சம்மர்ஸும், அறுபதுகளின் யார்ட்பேர்ட்ஸ் குழு காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் ஊறிய சைமன் நேப்பியர்-பெல்லும் வந்தார்கள்.

அப்போது இருவருக்குள்ளும் ஒரு பேச்சு நடந்தது. இனிமேல் பாட்டு எழுதும் வேலையை ஜார்ஜ் ஒருவரே எடுத்துக்கொள்வது என்று முடிவானது. ஆண்ட்ரூ ஒத்துக்கொண்டார். குழு ஆரம்பித்தது அவர், பெயர் தந்தது அவர், முதல் பாட்டுகளில் அவர் பெயர் இருக்கிறது. பணமும் பேரும் பாட்டு எழுதுகிறவருக்குத்தான் போகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நண்பனின் எழுத்து தன் எழுத்தைத் தாண்டிப் போய்விட்டது என்பதை இருபத்தொரு வயதில் ஒப்புக்கொண்டு விலகிநின்றார். இசை உலகில் குழுக்கள் எதனால் உடைந்தன என்று எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைந்திருக்கும். வாம் இந்த இடத்தில் உடையவில்லை. அடுத்து வந்த ஆண்டு அவர்களுடைய பொற்காலம்.

அந்தப் பொற்காலத்தின் முதல் பாட்டுக்கும் ஆண்ட்ரூதான் பொறி. தன்னைக் காலையில் எழுப்பச் சொல்லி வீட்டில் ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைத்தார். ஒரு சொல்லைத் தவறி இரண்டு முறை எழுதிவிட்டு, சரி இதுவும் இருக்கட்டும் என்று கடைசிச் சொல்லையும் இரண்டாக்கினார். அதைப் பார்த்த ஜார்ஜுக்கு அதிலேயே தாளம் கேட்டது. 'வேக் மீ அப் பிஃபோர் யூ கோ-கோ' பிறந்தது. மோட்டவுன் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட அறுபதுகளின் சோல் பாட்டுகளின் துள்ளலை எண்பதுகளுக்குக் கொண்டுவந்த பாட்டு. பிரிட்டனில் முதலிடம், அந்த நவம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம். வீடியோவில் அவர்கள் போட்ட, 'வாழ்வைத் தேர்ந்தெடு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட, ஆடை வடிவமைப்பாளர் கேத்தரின் ஹாம்னெட்டின் வெள்ளை டீ-ஷர்ட் அந்தத் தசாப்தத்தின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது.

அந்த ஆண்டு ஜார்ஜுக்கு ஒரு வெறி பிடித்திருந்தது: ஒரே வருடத்தில் நான்கு முதலிடம். 'வேக் மீ அப்', 'கேர்லெஸ் விஸ்பர்', 'ஃப்ரீடம்' என மூன்று ஆகிவிட்டது. நான்காவது கைவசம் இருந்தது. ஜார்ஜின் பெற்றோர் வீட்டில் இருவரும் டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜார்ஜ் திடீரென்று எழுந்து மாடிக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் ஒளியாக இறங்கி வந்து ஆண்ட்ரூவை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டினார். அதுதான் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்'. ஆகஸ்ட் மாதத்தில், லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவை கிறிஸ்மஸ் தோரணங்களால் அலங்கரித்துவிட்டுப் பதிவு செய்தார்கள். ஒரு லின் டிரம் மெஷின், ஒரு ரோலண்ட் ஜூனோ சின்தசைசர், பனிச்சறுக்கு வண்டி மணிகள். எல்லாவற்றையும் வாசித்தது ஜார்ஜ் ஒருவரே. வீடியோ சுவிட்சர்லாந்தின் சாஸ்-ஃபே மலைக் கிராமத்தில்.

ஆனால் அந்த டிசம்பரில் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பல பாடகர்கள் சேர்ந்து பாடிய 'பேண்ட் எய்ட்' பாட்டு வந்தது. ஜார்ஜே அதில் ஒரு வரி பாடியிருந்தார். அது முதலிடத்தில் உட்கார்ந்தது, 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' இரண்டாம் இடத்தோடு நின்றது. தங்கள் பாட்டின் உரிமைத்தொகையையும் வாம் அதே பஞ்ச நிவாரணத்துக்கே கொடுத்துவிட்டது.

அதே தட்டின் மறுபக்கம் 'எவ்ரிதிங் ஷி வான்ட்ஸ்'. வாமைப் பொடிப்பிள்ளைகளின் குழு என்று ஒதுக்கியவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இதைத்தான். சீக்கிரம் கல்யாணம் செய்துகொண்டு, எவ்வளவு உழைத்தும் வீட்டுக்குப் போதாமல், குழந்தை வரப்போகிறது என்ற செய்தியை மகிழ்ச்சியாகக் கேட்க முடியாமல் தவிக்கும் ஓர் இளம் உழைப்பாளியின் பாட்டு. கீழே ஓடும் அந்தக் குளிர்ந்த பேஸ் வரியும் டிரம் மெஷினும் கடன் வட்டிபோல நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வாம் பாட்டுகளில் தனக்குப் பிடித்தது இதுதான் என்று ஜார்ஜே பின்னாளில் சொன்னார். 'மேக் இட் பிக்' ஆல்பத்திலிருந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்த மூன்று பாட்டுகளில் இதுவும் ஒன்று. 1985 மார்ச்சில், இருபத்தொரு வயதில், ஆண்டின் சிறந்த பாடலாசிரியருக்கான ஐவர் நொவெல்லோ விருதை எல்டன் ஜான் கையிலிருந்து வாங்கியபோது ஜார்ஜ் அழுதுவிட்டார்.

சீனப் பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது இசையைவிட மேலாண்மையின் கதை. 1985 ஏப்ரல் 7 அன்று பெய்ஜிங் தொழிலாளர் விளையாட்டரங்கில் வாம் பாடியது, பிறகு குவாங்சோவில். சீனாவில் பாடிய முதல் மேற்கத்தியக் கலைஞர்கள் இவர்களே என்று சிலர் எழுதுவது தவறு. பிரெஞ்சு இசைஞர் ஜான்-மிஷெல் ஜார் 1981லேயே அங்கே நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார். பாப் குழு என்ற அளவில் வாம் முன்னோடி, அவ்வளவே. எழுந்து ஆடக் கூடாது என்று கூட்டத்துக்கு உத்தரவு. போலீஸ் சூழ உட்கார்ந்திருந்தவர்கள் எப்படி எதிர்வினை காட்டுவது என்று தெரியாமல் இருந்தார்கள். நேப்பியர்-பெல் குறிவைத்தது அமெரிக்காவை. அங்கே செய்திச் சேனல்கள் இந்தப் பயணத்தைப் பெரிதாகக் காட்டின, அந்தக் கோடையிலேயே வாம் அமெரிக்காவின் பெரிய மைதானங்களில் பாடியது.

1985 ஜூலை 13, அதே பஞ்சத்துக்காக நிதி திரட்டிய 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சி. வெம்ப்லி மேடையில் எல்டன் ஜானின் பாட்டு ஒன்றை ஜார்ஜ் முன்னால் நின்று பாடுகிறார். ஆண்ட்ரூ பின்னால், துணைக் குரல்களோடு ஒரு மைக்கில். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது முடிவு நெருங்கிவிட்டது என்பது நமக்கே தெரிகிறது. யோக் வளர்ந்துவிட்டார். அவருக்குள் வரும் பாட்டுகள் இனி வாமின் சிரித்த முகத்துக்குள் அடங்காது. 1986இல் வந்த 'எ டிஃபரன்ட் கார்னர்' அப்படிப்பட்ட ஒன்று. ஒற்றை ஆளாக எழுதி, எல்லா வாத்தியமும் வாசித்து, தயாரித்து, பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார்.

பிரிவை முதலில் விரும்பியவர் ஜார்ஜ். ஆண்ட்ரூ சண்டை போடவில்லை, வழக்குப் போடவில்லை, பத்திரிகையில் ஒரு கசப்பான வார்த்தை பேசவில்லை. வாம் என்பது இளமை, இளமை தீரும்போது அதையும் நிறுத்திவிட வேண்டும் என்ற எண்ணம் இருவருக்குமே இருந்தது. மேலாளர்களின் நிறுவனம், இனவெறி தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி உல்லாச விடுதியோடு தொடர்புள்ள ஒரு நிறுவனத்துக்குக் கைமாறப் போகிறது என்ற செய்தி வந்தபோது ஜார்ஜ் அவர்களோடும் உறவை முறித்துக்கொண்டார். 1986 ஜூன் 28, வெம்ப்லி மைதானத்தில் 72,000 பேர் முன்னால் கடைசி நிகழ்ச்சி. 'தி எட்ஜ் ஆஃப் ஹெவன்' என்ற கடைசி சிங்கிளும் முதலிடம். முதல் தட்டிலிருந்து கடைசி மேடை வரை நான்கே ஆண்டுகள்.

பிறகு ஜார்ஜ் 1987இல் 'ஃபெய்த்' ஆல்பத்தோடு உலகத்தையே வென்றார், அதற்குக் கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது. ஆண்ட்ரூ கார் பந்தயத்தில் ஓட்டிப் பார்த்தார், 1990இல் ஒரு தனி ஆல்பம் வெளியிட்டார், அது எடுபடவில்லை. கார்ன்வால் கடற்கரைக்குப் போய் அமைதியாக வாழ்ந்தார். 1991 ஜனவரியில் ரியோவில் ஜார்ஜின் நிகழ்ச்சியில் திடீரென்று மேடையேறி ஒன்றாகப் பாடியதோடு சரி. வாமை மறுபடி கூட்டினால் எவ்வளவு பணம் கிடைக்கும் என்று தெரிந்தும் இருவரும் அதைச் செய்யவில்லை.

2016 டிசம்பர் 25 அன்று, கோரிங்கில் தன் வீட்டில் ஜார்ஜ் இறந்தார். 53 வயது. கிறிஸ்மஸ் பாட்டு தந்தவர் கிறிஸ்மஸ் நாளிலேயே போனார் என்பதை என்னால் இன்றும் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து பிரிட் விருது மேடையில் ஆண்ட்ரூவும், வாமின் பின்னணிக் குரல்களான பெப்ஸியும் ஷர்லியும் வந்து நின்று அவரைப் பற்றிப் பேசினார்கள். 2019இல் ஆண்ட்ரூ எழுதிய நினைவுநூலில் பெரும்பகுதி யோக்கைப் பற்றித்தான். 2023 நவம்பரில் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் ஜார்ஜ் மைக்கேல் சேர்க்கப்பட்டபோது அவருக்காக மேடையேறியவரும் ஆண்ட்ரூதான். 1975இல் வகுப்பில் கை தூக்கிய அதே பையன்.

வாம் விட்டுச்சென்றது என்ன என்றும் கேட்கலாம். பாப் இசை என்றால் மட்டம், கிதாரை உடைத்து ஆவேசப்பட்டால்தான் கலை என்று பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் நினைத்த காலத்தில், மகிழ்ச்சியையும் நுணுக்கமாகச் செய்ய முடியும் என்று இவர்கள் காட்டினார்கள். கறுப்பின அமெரிக்க சோல் இசையை வடலண்டன் பிள்ளைகள் எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு அந்தத் தட்டுகள் சாட்சி. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, 1984 செப்டம்பரில், அவர்களுக்காக நிதி திரட்டிய மேடையிலும் வாம் ஏறியது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் அவர்கள் யார் என்பது முழுதாகத் தெரியும்.

'லாஸ்ட் கிறிஸ்மஸ்' கதையையும் முடித்துவிடுகிறேன். ஆண்டுதோறும் டிசம்பரில் அது திரும்ப வந்தது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து 24 வரை அந்தப் பாட்டைக் காதில் விழாமல் தப்பிப்பதை உலகெங்கும் 'வாமகெடான்' என்ற விளையாட்டாகவே ஆடும் அளவுக்கு அது எங்கும் நிறைந்தது. 2021 ஜனவரி முதல் தேதியிட்ட பிரிட்டிஷ் பட்டியலில், வெளியான 36 ஆண்டுகளுக்குப் பிறகு, முதல்முறையாக முதலிடம். 2023இல் கிறிஸ்மஸ் வாரத்துக்கே முதலிடம், 2024இல் மறுபடியும். ஜார்ஜ் கேட்ட நான்காவது முதலிடம் அது. அவர் இல்லாதபோது வந்தது, வாங்கிக்கொள்ள ஆண்ட்ரூ இருந்தார்.

நேரம் இருந்தால் இன்றிரவு 'கேர்லெஸ் விஸ்பர்' போடுங்கள். சாக்ஸையும் குரலையும் ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பீர்கள். இந்த ஒருமுறை அவற்றை விட்டுவிட்டு, கீழே மெதுவாகச் சுற்றிவரும் அந்த நான்கு கார்டை மட்டும் பாட்டு முடியும்வரை பின்தொடர்ந்து கேளுங்கள். அது ஆண்ட்ரூ.